தங்கமில்லாத துளையில் ஆர்சனிக் நிறைந்த பைரைட்: கைவிடலாமா, தொடரலாமா?

#1 துளைமுனை

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரும்ஷேலும் (சேறு இறுகிய கரும்பாறை) மணற்கல்லும் மாறி மாறி வரும் ஒரு பாறைத் தொடரில் எங்கள் குழு துளையிட்டது. கிரீன்ஷிஸ்ட் நிலை (மிதமான வெப்ப அழுத்த) உருமாற்றம், ஆங்காங்கே குவார்ட்ஸ் நாளங்கள், அடியில் ஒரு பிளவு மண்டலம். நாற்பது மீட்டருக்குக் கோர் (துளையிலிருந்து எடுத்த பாறைத் தண்டு) முழுவதும் பைரைட், அதாவது இரும்புச் சல்ஃபைடு. சில இடங்களில் நூற்றுக்குப் பத்து பங்கு வரை இருக்கிறது. பெட்டியைத் திறந்தபோது எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. தங்கச் சோதனை முடிவு வந்ததும் வாடிவிட்டது. டன்னுக்கு 0.02 முதல் 0.1 கிராம் வரை, அவ்வளவுதான்.

பைரைட்டையாவது கேட்டுப் பார்ப்போம் என்று லேசர் ஐசிபி-எம்எஸ் (புள்ளி புள்ளியாகச் சுட்டு நுண்தனிமங்களை அளக்கும்) பகுப்பாய்வுக்கு அனுப்பினேன். அறுபது புள்ளிகள் சுட்டுத் தந்தார்கள். கோபால்ட்-நிக்கல் விகிதம் பெரும்பாலும் ஒன்றுக்குக் கீழே. ஆர்சனிக் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) முதல் ஏறக்குறைய 2 சதவீதம் வரை சிதறிக் கிடக்கிறது. தங்கம் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 பிபிஎம்.

"விகிதம் ஒன்றுக்குக் கீழே, ஆகவே இது கடலடிச் சேற்றில் விளைந்த பைரைட். வேலையை முடித்துக்கொள்வோம்" என்கிறார் மேலாளர். ஆர்சனிக் இவ்வளவு இருக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. வாதாட இடம் இருக்கிறதா, அல்லது நான் ஆசையில் பேசுகிறேனா?

#2 பழையசுத்தியல்

ஆசையில்தான் பேசுகிறீர்கள் தம்பி. அதில் தப்பில்லை, ஆசை இல்லாதவன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டான். உங்கள் மேலாளரின் வாதமும் அரைகுறைதான்.

அந்த விகிதக் கதை பழையது. 1967 இல் லாஃப்டஸ்-ஹில்ஸ், சாலமன் இருவரும் டாஸ்மேனியாவின் சல்ஃபைடுகளில் கோபால்ட், நிக்கல், செலினியம் மூன்றையும் வைத்து உருவான இடத்தைப் பிரித்தறிய முடியுமா என்று பார்த்தார்கள். 1979 இல் பிராலியா குழுவினர் அதே வழியில் மேலும் சென்றார்கள். சேற்றில் விளைந்த படிவுப் பைரைட்டில் விகிதம் ஒன்றுக்குக் கீழே, வெப்பநீர்மத்தில் (பாறைக்குள் ஓடும் சூடான கரைசலில்) விளைந்ததில் ஒன்றுக்கு மேலே, எரிமலை சார்ந்த திரள் சல்ஃபைடுகளில் இன்னும் மேலே என்று ஒரு பொதுப்போக்கு கிடைத்தது. போக்குதான், சட்டம் இல்லை. அல்ட்ராமாஃபிக் (மக்னீசியமும் இரும்பும் மிகுந்த) பாறையில் வெப்பநீர்மம் பைரைட்டை வளர்த்தால் நிக்கல் மலிந்திருக்கும், விகிதம் ஒன்றுக்குக் கீழே போய்விடும். கரும்ஷேலில் பின்னால் வந்த நீர்மம் பழைய பைரைட்டைக் கரைத்துப் புதிதாக வளர்த்தாலும் அந்த ஷேலின் நிக்கலைத்தான் வாங்கிக்கொள்ளும். பிள்ளையின் முகத்தில் தாயின் சாடை இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையே தாய் ஆகிவிடாது.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அறுபது புள்ளிகளையும் எந்தப் பைரைட்டில் சுட்டார்கள்?

#3 துளைமுனை

எந்தப் பைரைட் என்றால்? மெருகேற்றிய பாறை வெட்டுகளில் இருந்த பைரைட்டில்தான் ஐயா.

#4 பழையசுத்தியல்

சரி. இழை நீளப்போகிறது.

#5 இளநிலைக்கல்

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள், நான் மாணவி. பைரைட் என்பது இரும்பும் கந்தகமும்தானே? எடையில் இரும்பு 46.5 சதவீதம், மீதி கந்தகம் என்று படித்திருக்கிறேன். அதில் கோபால்ட்டும் ஆர்சனிக்கும் தங்கமும் எங்கே போய் உட்காருகின்றன?

#6 வெட்டுமேசை

நல்ல கேள்வி. எங்கள் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிறவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

இரும்பின் இருக்கையில் கோபால்ட்டும் நிக்கலும் சிரமமில்லாமல் அமர்ந்துகொள்கின்றன. கந்தகத்தின் இருக்கையில் செலினியம், டெலூரியம், ஆர்சனிக். ஆக்சிஜன் குறைந்த சூழலில் ஆர்சனிக் எதிர்மின்னூட்டத்தோடு கந்தகத்தின் இடத்துக்கு வருகிறது. அது அளவில் பெரியது, மின்னூட்டக் கணக்கும் ஒத்துவராது. அதனால் படிகத்தின் அணிக்கோவை (அணுக்களின் ஒழுங்கு வரிசை) அங்கே கோணிக்கொள்கிறது. அந்தக் கோணலில் தங்கத்துக்கு இடம் கிடைக்கிறது.

மார்ட்டின் ரைஷ் குழுவினர் 2005 இல் இதற்கு ஓர் எல்லைக்கோடு வரைந்தார்கள். கார்லின் வகைப் படிவுகளிலும் எபிதெர்மல் (நிலப்பரப்புக்கு அருகில் வெப்பநீர்மம் விட்டுச்சென்ற) படிவுகளிலும் கிடைத்த ஆர்சனிக் பைரைட்டுகளை வைத்துச் செய்த வேலை. சுருக்கமாகச் சொன்னால், ஐம்பது ஆர்சனிக் அணுக்களுக்கு ஒரு தங்க அணு வரை அணிக்கோவை தாங்கும். அதற்கு மேலே போனால் தங்கம் தனியாகப் பிரிந்து நானோ துகளாக நிற்கும். எடைக்கணக்கில் பார்த்தால் 1 சதவீதம் ஆர்சனிக் உள்ள பைரைட் ஏறக்குறைய 500 பிபிஎம் தங்கத்தைக் கரைசலாகவே வைத்திருக்க முடியும்.

துளைமுனை அவர்கள் கவனிக்க வேண்டியது "முடியும்" என்ற சொல்லை. கோடு என்பது கூரை. ஆர்சனிக் 2 சதவீதம் இருந்து தங்கம் 0.3 பிபிஎம் மட்டும் இருந்தால் வீடு பெரிது, குடியிருப்பவர் யாருமில்லை என்று பொருள். ஆர்சனிக்கைக் கொண்டுவந்த நீர்மத்தில் தங்கம் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது.

ஈயம், துத்தநாகம், வெள்ளி, பிஸ்மத் போன்றவை பெரும்பாலும் இருக்கையில் அமர்வதில்லை. நுண்ணிய அடைப்புகளாக உள்ளே சிக்கிக் கிடக்கும். லேசர் சமிக்ஞையை நேரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். கோடு சமமாக ஓடினால் அணிக்கோவையில் இருக்கிறது, அல்லது லேசரால் பிரித்தறிய முடியாத அளவு பொடியாக இருக்கிறது. நடுவில் கூர்முனை எழுந்தால் ஒரு கலீனா (ஈயச் சல்ஃபைடு) துணுக்கையோ தங்கத் துணுக்கையோ லேசர் தின்றிருக்கிறது. ஆய்வகம் தரும் இறுதி அட்டவணையில் இது தெரியாது. மூலச் சமிக்ஞையைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தருவார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

#7 கல்லும்கணக்கும்

இருபது ஆண்டுகளாகத் துளைகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவன் என்ற முறையில் ஓர் எதிர்க்குரல்.

இதெல்லாம் படிக்க இன்பமாக இருக்கிறது. ஆனால் மீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்து, பாறையை முழுவதுமாக அமிலத்தில் கரைத்து, நாற்பது ஐம்பது தனிமங்களை ஒரே ஓட்டத்தில் அளந்துவிடலாம். ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் தாலியமும் அதிலேயே வந்துவிடும், செலவும் குறைவு. ஒரு பைரைட் மணியைத் தேடிப் பிடித்து, மெருகேற்றி, லேசரால் சுட்டு எனக்குப் புதிதாக என்ன தெரியப்போகிறது? படிவைச் சுற்றித் தாலியம் கூடியிருக்கும் வளையம் என்றால் எல்லோரும் எடுத்துக்காட்டுவது லேடி லொரெட்டாவை. ஆஸ்திரேலியாவின் அந்தத் துத்தநாக-ஈயப் படிவைச் சுற்றி இருக்கும் வளையத்தை லார்ஜ், மெக்கோல்ட்ரிக் இருவரும் 1998 இல் காட்டியது முழுப்பாறைப் பகுப்பாய்வில்தான். பைரைட்டைத் தனியாகத் தொட்டு இல்லை.

#8 பழையசுத்தியல்

லேடி லொரெட்டா பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். முழுப்பாறையை முதலில் செய்ய வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. அதைச் செய்யாமல் லேசருக்கு ஓடுகிறவர் பணத்தை எரிக்கிறார்.

ஆனால் பாறையைக் கரைக்கும்போது எல்லாம் ஒரே குழம்பாகிவிடுகிறது. கரும்ஷேலுக்கு இயல்பிலேயே ஆர்சனிக் உண்டு, மாலிப்டினம் உண்டு, நிக்கல் உண்டு. படிவின் விளிம்பில் நீர்மம் கொண்டுவந்து சேர்த்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் இந்த இயல்பான இரைச்சலில் மூழ்கிவிடும். பைரைட்டுக்குள் மட்டும் பார்த்தால் களிமண்ணும் குவார்ட்ஸும் நீர்க்கச்செய்யாத சாறு கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மக்கார்தர் படுகையில் முகர்ஜி, லார்ஜ் இருவரும் பின்னால் செய்தது இதைத்தான். ஒரே வகை ஷேலில் உள்ள பைரைட்டை எடுத்துக்கொண்டு, படிவுக்கு அருகில் எப்படி, தொலைவில் எப்படி என்று ஒப்பிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. எரிமலை சார்ந்த திரள் சல்ஃபைடுகளில் வெப்பமான நடுப்பகுதிப் பைரைட் கோபால்ட், செலினியம், பிஸ்மத் பக்கம் சாயும். ஆறிய ஓரத்துப் பைரைட் தாலியம், ஆண்டிமனி, ஆர்சனிக் பக்கம் சாயும். வெப்பம் எந்தத் திசையில் ஏறுகிறது என்பதற்கு அது ஓர் அம்புக்குறி. முழுப்பாறையிலும் சாடையாகத் தெரியலாம், ஆனால் அங்கே பாறை வகை மாறினாலே அம்பு திரும்பிவிடும்.

#9 கல்லும்கணக்கும்

அம்புக்குறி என்பதை ஏற்கிறேன். ஆனால் தங்கத்தில் அந்த அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது? மாசு (பிற தனிமங்கள்) நிறைந்த பைரைட் நல்லதா, தூய பைரைட் நல்லதா?

#10 பழையசுத்தியல்

இங்கேதான் வழுக்கும் இடம்.

கார்லினை எடுத்துக்கொள்ளுங்கள். நெவாடாவில் 1961 இல் கண்டுபிடித்தார்கள், 1965 இல் சுரங்கம் தொடங்கியது. தங்கம் கண்ணுக்குத் தெரியாது, சலித்தாலும் தட்டில் நிற்காது. பழைய பைரைட் மணியைச் சுற்றிச் சில மைக்ரான் தடிமனில் ஆர்சனிக் செறிந்த உறை ஒன்று இருக்கும், தங்கம் முழுவதும் அந்த உறைக்குள். மணியின் நடுவில் ஒன்றுமில்லை. அங்கே மாசு நிறைந்த உறைதான் நல்ல செய்தி.

சைபீரியாவின் சுகோய் லோக் வேறு கதை. கரும்ஷேலில் பிறந்த பொடிப்பொடியான முதல் தலைமுறைப் பைரைட்தான் தங்கமும் ஆர்சனிக்கும் நிறைய வைத்திருக்கிறது. உருமாற்றத்தின்போது அது கரைந்து, பெரிய மணிகளாகத் திரும்ப வளர்ந்தபோது அணிக்கோவையில் இருந்த தங்கம் வெளியே தள்ளப்பட்டது. பிந்திய பைரைட் தூய்மையானது. தங்கம் அதற்குள் தனித் துணுக்குகளாகவும் விரிசல்களிலும் நிற்கிறது. ராஸ் லார்ஜ் குழுவினர் லேசர் வரைபடங்களில் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துக் காட்டினார்கள். அங்கே தூய்மையான பைரைட்டைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்பியிருந்தால் ஒரு மாபெரும் படிவைத் தவறவிட்டிருப்போம்.

#11 கல்லும்கணக்கும்

ஆகா. மாசாக இருந்தாலும் தங்கம் அருகில், தூய்மையாக இருந்தாலும் தங்கம் அருகில். ஜாதகம் பார்க்கிறவர்கூட இவ்வளவு பாதுகாப்பாகப் பேசமாட்டாரே ஐயா!

#12 பழையசுத்தியல்

சிரித்துவிட்டேன். உண்மையில் இந்தக் கேலிக்கு நாங்கள் உரியவர்கள்தான்.

மணிகளின் வரிசை தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் அது ஜாதகம். எது முதலில் வளர்ந்தது, எது அதைச் சுற்றி வளர்ந்தது, நாளம் எதை வெட்டுகிறது, எந்தத் தலைமுறை பிளவோடு சேர்ந்து வருகிறது, இவை முதலில் தெரிய வேண்டும். பிறகுதான் வேதியியல். அதனால்தான் இரண்டாவது பதிவிலேயே எந்தப் பைரைட் என்று கேட்டேன். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

#13 சிதறல்படம்

எண்களோடு பிழைக்கிறவன் நான், பாறை அவ்வளவாகத் தெரியாது. இரண்டு விஷயங்கள்.

அறுபது புள்ளிகள் என்றால் அறுபது சாட்சிகள் இல்லை. நான்கு மணிகளில் பதினைந்து பதினைந்தாகச் சுட்டிருந்தால் உங்களிடம் இருப்பது நான்கு சாட்சிகள், ஒவ்வொருவரும் ஒரே கதையைப் பதினைந்து முறை சொல்லியிருக்கிறார். சராசரியும் வேண்டாம். 300 பிபிஎம் முதல் 20,000 பிபிஎம் வரை சிதறும் தரவில் இரண்டே உயர்ந்த புள்ளிகள் சராசரியைத் தூக்கிவிடும். மடக்கை அளவில் வரைந்து, இடைநிலை அளவைப் பாருங்கள். கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ளவற்றைச் சுழியம் என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவது, இயந்திரக் கற்றல். இப்போது எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். 2019 இல் கிரெகரி குழுவினர் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையில், பைரைட்டின் நுண்தனிமங்களை மட்டும் வைத்து, அது போர்ஃபிரித் தாமிரமா (ஊடுருவிய மாக்மாப் பாறையோடு வரும் தாமிரப் படிவு), திரள் சல்ஃபைடா, தங்கப் படிவா, தாதுவற்ற படிவுப் பைரைட்டா என்று பிரித்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாக வந்தது. அருமையான வேலை. ஆனால் இத்தகைய வகைப்படுத்திக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வராது. தனக்குக் கற்றுத்தந்த பெட்டிகளில் ஏதோ ஒன்றில் உங்கள் மணியைப் போட்டே தீரும். மணியின் நடுவையும் ஓரத்தையும் கலந்து சுட்ட புள்ளியைக் கொடுத்தால் அதையும் முகம் சுளிக்காமல் ஒரு பெட்டியில் போடும்.

#14 வெட்டுமேசை

கலந்து சுடுவது பற்றி ஒரு சின்னக் கணக்கு. லேசர் புள்ளியின் விட்டம் 30 மைக்ரான், தங்கம் வைத்திருக்கும் உறை 3 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். உறை புள்ளியின் நடுவே குறுக்காக ஓடினாலும் பரப்பில் எட்டில் ஒரு பங்குதான் அது. மீதி ஏழு பங்கு தங்கமில்லாத நடுமணி. உறையில் 80 பிபிஎம் இருந்தால் அட்டவணையில் 10 என்று வரும். புள்ளி உறையைத் தொடவே இல்லையென்றால் ஒன்றும் வராது.

போர்ஃபிரித் தாமிரத்திலும் இதே சிக்கல்தான். சீனாவின் டெக்சிங் படிவிலிருந்து எடுத்த பைரைட்டில் தாமிரம் செறிந்த வளர்ச்சிப் பட்டைகளும் ஆர்சனிக் செறிந்த பட்டைகளும் தனித்தனியாக நிற்பதை 2013 இல் ரைஷ் குழுவினர் காட்டினார்கள். நீர்மத்தின் தன்மை மாறி மாறி வந்ததற்கு அதுவே பதிவேடு. அந்த மணிக்கு "சராசரி" என்று ஓர் எண்ணைக் கொடுத்தால், பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்த மாதிரி ஆகும்.

துளைமுனை அவர்களே, வெட்டுகள் உங்களிடம் திரும்பி வந்துவிட்டனவா? வந்திருந்தால் மின்னணு நுண்ணோக்கியின் பின்சிதறல் படத்தில், மாறுபாட்டை நன்றாக ஏற்றிவைத்துப் பாருங்கள். ஆர்சனிக் உள்ள பட்டை வெளுப்பாகத் தெரியும். நுண்ணோக்கி வசதி இல்லையென்றால் நைட்ரிக் அமிலத்தில் லேசாக அரித்தாலும் வளர்ச்சிப் பட்டைகள் எழுந்துவரும். புகைக்கூண்டுக்குள் செய்ய வேண்டும், லேசர் வேலை முடிந்த வெட்டில் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது லேசர் குழிகளின் தழும்புகள். எங்கே சுட்டார்கள் என்பது அங்கேயே எழுதியிருக்கும்.

#15 இளநிலைக்கல்

அக்கா, இன்னொரு சந்தேகம். கோர் இல்லாமல் நிலப்பரப்பில் தேடும்போது பைரைட் எங்கே கிடைக்கும்? மழையிலும் காற்றிலும் துருவாகிவிடுமே?

#16 பழையசுத்தியல்

அக்காவுக்குப் பதில் நான் சொல்கிறேன். ஆகிவிடும். லிமோனைட் படிந்த கனசதுரக் குழிகள்தான் மிஞ்சும். அணிக்கோவையில் இருந்ததில் பாதி அமில நீரோடு போயிருக்கும், அதை வைத்துப் பைரைட் வேதியியல் பேச முடியாது. குவார்ட்ஸுக்குள் முழுவதுமாகப் பூட்டப்பட்ட மணிகள் சில தப்பும். பனியாறு கொண்டுவந்த கலவைப் படிவில், துருப்பிடித்த மேலடுக்குக்குக் கீழே தோண்டினால் கிடைக்கும்.

தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் ஒரு விந்தை. அங்கே கூழாங்கல் போல உருண்ட பைரைட் மணிகள் உண்டு. காற்றில் ஆக்சிஜன் இல்லாத காலத்து ஆறுகள் உருட்டிவந்தவை. இன்றைய ஆற்றில் அவை அந்தத் தொலைவு தாங்காது. தலைப்புக்குச் சம்பந்தமில்லை, வாய் சும்மா இருக்கவில்லை.

#17 துளைமுனை

நான்கு நாட்களாகக் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். வெட்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அறுபது குழிகளில் ஐம்பத்தேழு மணிகளின் நட்ட நடுவில் இருக்கின்றன. புள்ளி வைத்தவர் பெரிய, வழவழப்பான, விரிசலில்லாத இடமாகப் பார்த்து ஒழுங்காக வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் அனுப்பிய தாளில் "பைரைட்" என்ற ஒரே சொல்தான் இருந்தது.

பதினொரு வெட்டுகளில் எட்டில் பழைய பைரைட் மட்டும்தான். திராட்சைக் கொத்துபோல் திரண்ட ஃபிராம்பாய்டுகள், அவற்றைச் சுற்றிப் பிந்தி வளர்ந்த மங்கலான மணி. மற்ற மூன்றில், வெளியோரத்தில் 5 முதல் 8 மைக்ரான் தடிமனில் ஒரு வெளுத்த உறை. மூன்று வெட்டுகளும் துளையின் அடியில், பிளவு மண்டலத்தை ஒட்டிய பன்னிரண்டு மீட்டருக்குள் வருகின்றன. மீதி மூன்று குழிகள் தற்செயலாக அந்த உறைமேல் விழுந்திருக்கின்றன. 2 சதவீதத்தை நெருங்கிய ஆர்சனிக் அங்கிருந்துதான். அங்கே தங்கம் 2, 5, 9 பிபிஎம். அட்டவணையில் அவை பிறழ்ந்த புள்ளிகள் போலத் தெரிந்ததால் நானே ஒதுக்கிவைத்திருந்தேன்.

#18 வெட்டுமேசை

அந்த மூன்றும் உறையையும் நடுவையும் கலந்து சுட்டவை. உறையில் மட்டும் பார்த்தால் இன்னும் கூடுதலாக இருக்கும். மூலச் சமிக்ஞை சமமாக ஓடுகிறதா?

#19 துளைமுனை

வாங்கிப் பார்த்தேன். தங்கம், ஆர்சனிக் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. கூர்முனை இல்லை.

#20 வெட்டுமேசை

அப்படியானால் தங்கம் உறையின் அணிக்கோவையில் இருக்கிறது என்றே கொள்ளலாம். 2005 ஆம் ஆண்டுக் கோட்டுக்கு வெகு கீழே இருப்பதாலும் தனித் துகளை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

#21 கல்லும்கணக்கும்

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உறையில் தாராளமாக 30 பிபிஎம் என்று வையுங்கள். மணியின் கன அளவில் உறை பத்தில் ஒரு பங்கு, பாறையில் பைரைட் நூற்றுக்கு ஐந்து. டன்னுக்கு 0.15 கிராம். உங்கள் சோதனை முடிவின் மேல் விளிம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஆனால் அதே வரிசைதான். ஆக இந்தத் துளையில் தங்கம் ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. தங்கம் வேறு எங்காவது இருக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு மேலாளரிடம் போகாதீர்கள், நான் அந்த நாற்காலியில் இருந்தால் உங்களை வெளியே அனுப்பிவிடுவேன்.

#22 பழையசுத்தியல்

கணக்கு நியாயம். ஆனால் மேலாளரின் "கடலடிச் சேறு" வாதம் இப்போது போய்விட்டது. சேற்றில் பிறந்த மணிமேல் பிறகு ஒரு நீர்மம் ஏறியிருக்கிறது, அது தங்கம் சுமந்து வந்திருக்கிறது, பிளவு வழியாக வந்திருக்கிறது. அது எந்தப் பக்கம் செறிகிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் புதுத் துளை தேவையில்லை தம்பி. அதே பிளவைத் தொட்ட பழைய துளை ஏதாவது உண்டா?

#23 துளைமுனை

இரண்டு உண்டு ஐயா. ஒன்று வடக்கே 300 மீட்டரில், இன்னொன்று தெற்கே ஏறக்குறைய அதே தொலைவில். இரண்டும் தங்கம் இல்லை என்று மூடிவைத்தவை. பெட்டிகள் கொட்டகையில் கிடக்கின்றன.

#24 கல்லும்கணக்கும்

அப்படியானால் ஒரு நிபந்தனை. வெட்டுகளைச் செய்வதற்கு முன்பே, என்ன கண்டால் தொடர்வீர்கள், என்ன கண்டால் விடுவீர்கள் என்று எழுதிவைத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு எழுதினால் மறுபடியும் ஜாதகம்தான்.

#25 சிதறல்படம்

வெட்டுக்கு ஒன்றிரண்டு மணி போதாது. ஒவ்வொரு துளையிலும் பிளவிலிருந்து சீரான இடைவெளியில் எடுங்கள், கண்ணுக்கு அழகான பைரைட் இருக்கும் இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள். உறை இல்லாத மணிகளையும் எண்ணிக் குறித்துவையுங்கள். எனக்கு அந்த எண்ணிக்கைதான் ஆர்சனிக் அளவைவிடப் பயன்படும்.

#26 துளைமுனை

எழுதிவிட்டேன், இங்கேயும் போடுகிறேன். ஒவ்வொரு துளையிலும் பிளவிலிருந்து இரு பக்கமும் ஐந்து மீட்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வெட்டுகள். முதலில் பின்சிதறல் படம் மட்டும், லேசர் பிறகு. இரு துளைகளில் ஒன்றிலாவது உறை இங்கிருப்பதைவிடத் தடிமனாகவும், பிளவிலிருந்து கூடுதல் தொலைவு வரையும் வந்தால் அந்தப் பக்கம் ஒரு துளை கேட்பேன். இரண்டிலும் உறை இல்லையென்றால், அல்லது மெலிந்துகொண்டே போனால், கோப்பை நானே மூடுவேன். உறை இருந்து தங்கம் மட்டும் இல்லையென்றால் என்ன செய்வது என்று முடிவுசெய்ய முடியவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

#27 கல்லும்கணக்கும்

காலியாக விடாதீர்கள். "விடுவேன்" என்று எழுதுங்கள்.

#28 பழையசுத்தியல்

"லேசர் வரைபடம் பார்த்த பிறகு விடுவேன்" என்று எழுதுங்கள். தங்கம் உறையை விட்டு விரிசலுக்குப் போயிருக்கலாம், சுகோய் லோக்கை மறக்காதீர்கள்.

#29 துளைமுனை

பெரியவர்கள் இருவரும் ஒத்துவந்ததும் அந்த வரியை நிரப்புகிறேன். கொட்டகைச் சாவி நாளைக் காலை கைக்கு வருகிறது. வடக்குத் துளையிலிருந்து தொடங்குகிறேன்.